பக்கெட்டில் இரண்டு நூல், குட்டையில் இரண்டு விரல்

கல்வராயன் மலைக்குப் போக மாசி சரியான மாதமில்லை. தெரிந்தேதான் போனேன். அருவி ஒரு சாக்கு. எனக்கு வேலை, மலையடிவாரத்தில் ஒரு பண்ணைக்குட்டையில் இருந்தது.

நான் அமெரிக்காவில் ஷேல் எரிவாயு எடுக்கும் இடத்தில் தண்ணீரைக் கவனிப்பவன். ஆழத்தில் இருக்கும் ஷேல் பாறையைத் தண்ணீரும் மணலும் கொண்டு அழுத்தி உடைத்தால்தான் வாயு வெளியே வரும். ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டர் உள்ளே போகும். அதில் ஒரு பங்கு கடல்நீரைவிட உப்பாகத் திரும்பி வரும். அதைத் தடித்த பிளாஸ்டிக் ஷீட் விரித்த குழிகளில் தேக்கி, சுத்தம் செய்து, அடுத்த கிணற்றுக்கு அனுப்புவோம். குழி ஒழுகினால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் பாழ். ஒழுகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

உடன் வேலை செய்யும் ஸ்டீபனுக்குக் கச்சிராயபாளையம் பக்கம் ஊர். அவனுடைய அக்கா ரோசலின் போன வருடம் குட்டை வெட்டி ஷீட் விரித்தபோது போனில் யோசனை சொன்ன மேதாவி நான்தான். இப்போது அதில் தண்ணீர் நிற்பதில்லை. போர் தண்ணீர் மெல்லத்தான் வரும்; அதைக் குட்டையில் தேக்கிப் பாய்ச்சுவதை நம்பித்தான் ஒன்றரை ஏக்கர் கரும்பு நிற்கிறது. "லீவுலதானே போற, ஒரு எட்டு பாத்துட்டு வாடா" என்றான்.

சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை 8.10. அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் 40 நிமிடம், 20 ரூபாய். இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையம், 15 ரூபாய். கடைசி நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ, 80 ரூபாய்.

"அணைக்கா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க, ஒரு குட்டையைப் பார்க்கணும்."

"இன்னா சார், கோமுகி அணையே இருக்குது, குட்டைய போயி பாக்கறேங்கறீங்க!"

ரோசலின் அக்கா வரப்பிலேயே காத்திருந்தார். "வெயிலு ஜாஸ்தி தம்பி, அதான் கொறஞ்சிக்கினே போவுது. நிழல்வலை வாங்கிக் கட்டலாம்னு பாக்கறேன்."

வலை வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம் என்றேன். பக்கெட்டில் செங்கல் போட்டு, தண்ணீர் நிரப்பி, குட்டையின் ஓரத்தில் வாய் மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்தினேன். பக்கெட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தில் பெயிண்ட் கோடு. வெயில் இரண்டிலும் ஒரே அளவுதான் குடிக்கும். வெளியே கூடுதலாக இறங்கினால் ஒழுகல். எங்கள் குழிகளில் நான் முதலில் செய்வதும் இதைத்தான். ஆனால் ஒரு நாள் முழுக்கக் குட்டைக்குள் போர் தண்ணீர் விடவும் கூடாது, வயலுக்குப் பாய்ச்சவும் கூடாது.

"கரும்பு காயுது தம்பி," என்றார். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, "ஒரு நாளுதான், ஆமா."

அந்த ஒரு நாளைக் கழிக்கத்தான் வெள்ளிமலை பஸ் ஏறினேன். ஒன்றரை மணி நேரம், 35 ரூபாய். ஜன்னலோரம் பிடித்தால் மரவள்ளித் தோட்டங்களும் சில்லென்ற காற்றும் இலவசம். பெரியார் அருவியில் நூல் போலத் தண்ணீர். அதைவிட ரோசலின் அக்காவின் போர் பைப்பில் நன்றாக வரும். ராத்தங்க அறை 700 ரூபாய், சுத்தமாகவே இருந்தது.

மறுநாள் நண்பகலில் திரும்பி வந்து அளந்தோம். பக்கெட்டில் இரண்டு நூல் குறைந்திருந்தது, அதாவது கால் அங்குலம். குட்டையில் இரண்டு விரல். வெயிலின் மேல் தப்பில்லை.

கரையைச் சுற்றி வந்தோம். வடக்குக் கரையில் அக்கா மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்ட, இரண்டு எலிகள் பாய்ந்து ஓடின. ஷீட்டுக்கு அடியில் கரும்புச் சோகை, அதாவது காய்ந்த தோகை, மெத்தை போலக் கிடந்தது; அதற்குள் எலிக் கூடு. நீர்மட்டத்துக்குக் கீழே ஐந்து இடத்தில் ஷீட்டைக் கடித்து வைத்திருந்தன.

"அடியில் சோகை போடச் சொன்னது யாருக்கா?" என்று அதிகாரி போலக் கேட்டேன்.

"நீங்கதான் தம்பி. ஷீட்டுக்கு அடில மெத்துனு எதனா போடுங்கன்னீங்க. எங்க கொல்லைல மெத்துனு இருக்கறது சோகைதான். சோகைனா எலி வரும்னு எனக்கு தெரியாதா? படிச்சவரு சொல்றாரேன்னு போட்டுட்டேன்."

வெட்கத்தில் முகம் சுட்டது. அமெரிக்காவில் ஷீட்டுக்கு அடியில் விரிக்கவென்றே கம்பளி போலத் தடித்த செயற்கைத் துணி சுருள் சுருளாக லாரியில் வந்து இறங்கும். அந்த நினைப்பிலேயே இங்கேயும் 'மெத்தென்று' என்று சொல்லிவிட்டேன்.

மிச்சத் தண்ணீரை அக்கா அன்று மாலையே முழுக்கக் கரும்புக்குத் திருப்பினார். "பன்னண்டு நாளு தாங்கும். அதுக்குள்ள குட்டை நெரம்பலன்னா போச்சு." நான் பயணத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சோகையை வாரி எறிந்து, சலித்த ஏரி வண்டலைக் கொட்டி மிதித்தோம். கள்ளக்குறிச்சியிலிருந்து ஆள் வந்து ஓட்டைகளை ஒட்டினார். என் கையில் நாலு கொப்புளம், முழுக்க நியாயமானவை.

அருவிக்காகப் போகிறவர்கள் மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். மலையில் ஏடிஎம்மை நம்பாமல் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கும் கடைசி பஸ்ஸின் நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பதினோராம் நாள் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. நிரம்பிய குட்டை, அதில் அதே பக்கெட். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே அளவு இறங்கியிருந்தது. சந்தோஷத்தில் உடனே போன் செய்தேன்.

"கரும்பு தப்பிச்சிக்கிச்சி தம்பி," என்றார். "அடுத்த தபா யாருக்கு சொன்னாலும், இன்னா போடணுமோ அதும் பேரை சொல்லுங்க."