இரண்டு விசில்

என் பதினைந்தாவது வயதில் நான் ஐந்து நாட்கள் பத்துப் பெண்களை ஆண்டேன். ஆண்டேன் என்பதுதான் சரியான வார்த்தை. ஆரணியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் ஆரம்பம். காலாண்டு விடுமுறையில் எங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணி முகாம் உள்ளூரிலேயே நடக்கப்போகிறது என்றும், முப்பத்துமூன்று பேரை மூன்று அணியாகப் பிரித்து அணிக்கொரு தலைவி வைக்கப்போகிறார்கள் என்றும் டீச்சர் அறிவித்தார். அவர் வாயை மூடுவதற்குள் என் கை மேலே போயிருந்தது. என்னோடு போட்டி போட யாரும் வரவில்லை. என் திறமைக்கு வகுப்பு தந்த மரியாதை அது என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று தலைவிகளில் சிறந்தவளை அரையாண்டு விடுமுறையில் வேலூரில் நடக்கும் மாவட்ட முகாமுக்கு அனுப்புவார்கள். அப்போது எங்களுக்கு வேலூர்தான் மாவட்டத் தலைநகர். என் கண் முழுக்க வேலூரில்தான் இருந்தது.

அணித்தலைவரின் கடமைகள் என்று டீச்சர் ஏழு பாயிண்ட் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அன்று மாலைக்குள் ஏழையும் தலைகீழாகச் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்துவிட்டேன். நேரம் தவறாமை, ஒழுங்கு, வேலையைப் பங்கிட்டுத் தருதல் எல்லாம் எனக்கென்றே எழுதியவை போல இருந்தன. ஆறாவது பாயிண்ட், உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டறிதல். இதை நான் தினமும் வேலை முடிந்ததும் "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று ஒரு தடவை கேட்டு, மூன்று எண்ணுவதற்குள் "இல்லையா, சரி, கலையலாம்" என்று சொல்வதன் மூலம் நிறைவேற்ற முடிவு செய்தேன்.

அதிகாரத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும். என் அப்பா செய்யாரிலிருந்து ஆரணி வழியாக வேலூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய பழைய பித்தளை விசில் ஒன்று அலமாரியில் கிடந்தது. சிறு பிள்ளையாக இருந்தபோதே எனக்கு அதன் மேல் ஒரு கண். ஒரு தடவை ஊதினால் அவ்வளவு பெரிய பஸ் நிற்கிறது. இரண்டு தடவை ஊதினால் கிளம்புகிறது. ஸ்டியரிங் பிடிப்பவர் யாராக இருந்தாலும் பஸ்ஸை ஓட்டுவது என் அப்பாதான் என்று பல வருடங்கள் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். விசில் வேண்டும் என்று கேட்டதும் அப்பா எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னார். "ஊதிட்டு அப்படியே போட்டுறாத. கழுவி வை."

சிவப்பு நாடாவில் விசிலைக் கோத்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, வருகைப் பதிவேட்டைக் கையில் பிடித்து, கண்ணாடி முன்னால் நின்றேன். "கலெக்டரம்மா எங்க புறப்பட்டுகினு கீறாங்க?" என்றான் அண்ணன். அவன் கிண்டல் செய்கிறான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் மூன்று நாள் அமோகமாகப் போனது. பள்ளி மைதானத்தில் செடி வெட்டினோம், ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். அடித்தோம் என்றால் அவர்கள் அடித்தார்கள், நான் ஊதினேன். தலைவி கையில் துடைப்பமோ வெள்ளையடிக்கும் மட்டையோ இருந்தால் மரியாதை போய்விடும் என்பது என் கட்சி. அணிக்காரர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, லீடர் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் பேசக் கூடாது. அவசியமானால் கையைத் தூக்கி, நான் அனுமதி கொடுத்த பிறகு பேசலாம். டீச்சர் எங்கள் அணியைக் காட்டி மற்ற இரண்டு தலைவிகளிடம், "பாருங்க, சத்தம் இருக்குதா?" என்று கேட்டார். எனக்கு வேலூர்க் கோட்டையே கண்ணில் தெரிந்தது.

நான்காம் நாள் தெரு சுத்தம். அணிக்கு ஒரு தெரு. யார் முதலில் முடிக்கிறார்கள் என்று டீச்சர் சுற்றிவந்து பார்ப்பார். எங்களுக்குக் கிடைத்தது நெசவாளர் தெரு. அதற்கு முந்தைய மூன்று நாளும் சாயங்கால மழையும் பகலெல்லாம் மூட்டமுமாக இருந்தது. அன்றுதான் காலையிலேயே வெயில் பளிச்சென்று அடித்தது. தெருவின் கீழ்ப்பாதியில் வீட்டுக்கு வீடு பாவு நீட்டியிருந்தார்கள். நெசவுக்குப் போகும் முன் பட்டு நூலை நாலு வீட்டு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, காயவைப்பார்கள். இழை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்கக் குறுக்கே அங்கங்கே மூங்கில் குச்சி கோத்திருக்கும். தினமும் பள்ளிக்குப் போகும்போது சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வைக்கிற ஒரு தொல்லை என்ற அளவில் எனக்குப் பாவைப் பற்றித் தெரியும்.

நாங்கள் பெருக்கவேண்டிய மேல்பாதி காலியாகத்தான் இருந்தது. நகராட்சிப் பணியாளர் ஒருவர் பிளீச்சிங் பவுடர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். பெருக்கிவிட்டுச் சாக்கடை ஓரமாகத் தூவ வேண்டும். நான் அணியை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசித்தேன். அப்போது சரளா கையைத் தூக்கினாள்.

சரளா அந்தத் தெருப் பெண். வகுப்பில் கடைசி பெஞ்சு. பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காது.

"லீடர், ஒண்ணு சொல்லணும்."

"வேலை முடிஞ்சி சொல்லு."

"இல்ல லீடர், பத்து மணிக்கு மேல..."

"வேலை முடிஞ்சின்னு சொன்னேன் இல்ல?"

அவள் கையை இறக்கிக்கொண்டாள். நான் இரண்டு தடவை விசில் ஊதினேன். பத்துத் துடைப்பமும் கிளம்பின. அரை மணியில் பெருக்கி முடித்தாகிவிட்டது. அடுத்த தெருவிலிருந்து இன்னோர் அணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் முடித்துவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன். குனிந்து குனிந்து பவுடர் போட்டுக்கொண்டிருந்தால் விடியாது. நிமிர்ந்து நின்று வீசுங்கள், ஜல்தி, ஜல்தி என்று கத்தினேன். சரளா மட்டும் குனிந்தே போட்டாள். அவளைப் பெயர் சொல்லி அதட்டினேன்.

பவுடர் வெள்ளை வெளேரென்று எழும்பிய அதே நேரத்தில் மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை, கொடியில் கிடக்கிற துணியை ஆட்டுகிற காற்று. பவுடர் அப்படியே கீழ்ப்பாதிப் பக்கம் சாய்ந்தது. முதல் பாவு அரக்கு நிறம். கஞ்சி ஈரம் காயாத பட்டு. அது சரளா வீட்டுப் பாவு.

முதலில் கேட்டது அவள் அம்மாவின் குரல். "ஐயோ, பாவு போச்சே! இன்னாடி பண்ணிகினு கீறீங்க?" கஞ்சிப் பானையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். அவள் அப்பா ஜரிகை வாங்க வெளியே போயிருந்தார். பக்கத்துப் பாவுக்காரர்கள் தங்கள் தங்கள் பாவை மூட ஓடினார்கள். ஈரப் பட்டில் விழுந்த பவுடர், விழுந்த இடத்திலெல்லாம் சாயத்தைத் தின்னும். இப்போதே அலசாவிட்டால் மூன்று சேலைக்கான பாவு பாழ். அவர்கள் வீட்டுத் தீபாவளி மொத்தமும் அந்த மூன்று சேலையில்தான் இருந்தது. அடிபம்பு பக்கத்துச் சந்தில் இருந்தது. பாவை அவிழ்த்து, இழை கலையாமல், ஒரு முனையும் தொய்யாமல், திருப்பத்தில் வளைத்து அங்கே கொண்டுபோக வேண்டும்.

இதெல்லாம், பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் காற்று எழும் என்று சரளா சொல்ல வந்தது உட்பட, பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஏதோ பேஜாராகிவிட்டது என்பதுதான். ஏழு பாயிண்டில் இதற்கு எதுவும் இல்லை. ஆகவே நான் விசிலை வாயில் வைத்து ஊதினேன். விடாமல் ஊதினேன். பத்துப் பேரும் பத்துத் திசையில் ஓடினார்கள், ஒருத்தி துடைப்பத்தோடு திரும்பி வந்து என் முன்னால் வரிசையில் நின்றாள்.

சரளா வந்து என் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினாள். கேட்கவில்லை, கழற்றினாள். அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது அன்றுதான்.

"குச்சிக்கு ரெண்டு பேரு, எதிரும் புதிருமா பிடிங்க. தோள் உசரத்துக்குத் தூக்குங்க. ஒண்ணு ஊதுனா நிக்கணும், ரெண்டு ஊதுனா ஓரடி எடுத்து வைக்கணும். யாரும் இழுக்காதீங்கடி, அறுந்துடும்." என்னைப் பார்த்து, "நீ நாலாவது குச்சி" என்றாள். லீடர் என்று சொல்லவில்லை.

நான் நாலாவது குச்சியைப் பிடித்தேன். அவள் அம்மா முன்முனையைத் தோளில் தாங்கினார். சரளா எல்லோருக்கும் பின்னால், கடைசிக் குச்சிக்கும் பின்னால் போய் நின்றாள். எனக்கு அது தப்பாகப் பட்டது. அந்த நிலைமையிலும் திரும்பிப் பார்த்து, "முன்னாடி வாடி, முன்னாடி நின்னு ஊது!" என்று யோசனை சொன்னேன். அவள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வரிசை முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். எங்களில் குள்ளமான ஒருத்தியின் கை தாழ்ந்திருந்தது. அவள் காலடியில் ஒரு செங்கல்லைத் தள்ளிப்போட்டு அதன் மேல் ஏறச் சொன்னாள். பிறகு யோசித்து, அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தினாள். மறுபடியும் பார்த்தாள். அதன் பிறகுதான் இரண்டு தடவை ஊதினாள்.

ஓரடி வைத்தோம். நின்றோம். ஓரடி வைத்தோம். நடுவில் நின்ற எனக்கு முன்னால் ஒரு முதுகும் கைக்கு நடுவில் அரக்கு நிற இழைகளும் தவிர எதுவும் தெரியவில்லை. விசில் எப்போது வரும் என்பது மட்டும்தான் என் கவலை. சந்துத் திருப்பத்தில் ஒரு நீண்ட ஒற்றை விசில் கேட்டது. சரளா பின்னாலிருந்து சொல்லச் சொல்ல, உள்பக்கம் இருந்தவர்கள் அசையாமல் நிற்க, வெளிப்பக்கம் இருந்தவர்கள் மட்டும் சுற்றிவந்தோம். பம்படிக்குப் போனதும் தெருவே தண்ணீர் அடித்தது. குடம் குடமாக ஊற்றினோம். அரக்குச் சாயமும் கஞ்சியும் கரைந்து எங்கள் தாவணியிலெல்லாம் இறங்கியது. ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை. ஒரு பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு முழத்துக்கு வெளிறிய புள்ளிகள் இருந்தன. அவள் அம்மா அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது டீச்சர் வந்தார். தெருவெல்லாம் ஈரம், நாங்கள் எல்லோரும் தொப்பல், நடுவில் ஒரு பாவு.

"இன்னா நடக்குது இங்க?"

சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று என் வாய் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நெசவுக்காரங்களுக்குப் பாவு அலசிக் குடுத்தோம் டீச்சர்" என்றேன்.

சரளாவின் அம்மா வாயைத் திறந்தார். "நீ பாவைப் பாரும்மா" என்றாள் சரளா, பழைய சின்னக் குரலில். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாவுப் பக்கம் திரும்பினார். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மக்களின் தொழிலோடு கலந்து செய்த சேவை என்று முகாம் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் போனதும் சரளா விசிலைத் தாவணியில் துடைத்து என்னிடம் நீட்டினாள். தலைவியைக் காட்டிக்கொடுக்காத கட்டுப்பாடு, என் பயிற்சிதான் என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நிறைவு விழாவில் அணித்தலைவரின் கடமைகள் என்ற தலைப்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஏழையும் ஒரு மூச்சில் சொன்னேன். கைதட்டல் பலமாக இருந்தது. சரளாவும் தட்டினாள். மாவட்ட முகாமுக்கு என் பெயரை வாசித்தார்கள்.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று எல்லோரும் புதுத் தாவணியில் வந்தோம். சரளா பழையதில் வந்தாள். டெய்லர் ஏமாற்றிவிட்டாரா என்று அக்கறையாக விசாரித்தேன். "ஆமா" என்றாள். புள்ளி விழுந்த சேலையை, நெய்ய நூல் கொடுத்த முதலாளி எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்து, வேறு யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது.

டிசம்பரில் வேலூர் புறப்பட்டேன். அப்பாவின் பஸ். டிரைவருக்குப் பின்னால், முதல் சீட்டில் எனக்கு இடம் போட்டிருந்தார். மடியில் பெட்டி, கழுத்தில் கழுவித் துடைத்த விசில். பஸ் நிலையத்தில் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, கிளம்பக் காணோம். திரும்பிப் பார்த்தேன். அப்பா பின்வாசல் படியில், விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஓர் அம்மாள் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக வந்துகொண்டிருந்தார். ஓடவும் முடியாமல், நிற்கவும் முடியாமல்.

"அப்பா, டைம் ஆவுது!" என்று கத்தினேன்.

அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மூட்டை ஏறியது, பிள்ளை ஏறியது, அந்த அம்மாள் ஏறினார். அப்பா படியை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். இரண்டு தடவை ஊதி பஸ்ஸைக் கிளப்புவதற்கு ஒரு மனிதருக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று எரிச்சலாக வந்தது. நான் முகத்தைத் திருப்பி, முன்கண்ணாடி வழியாக வேலூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.