முதல் தடவை வாங்கிய மார்க்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்கு உலகத்தில் முக்கால்வாசிப் பேரைக் கண்டால் ஆகாது. கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்புகிறவர்கள், சிவப்பு விளக்கு எரியும்போதே ஹார்னை அழுத்துகிறவர்கள், கிளட்சில் கால் வைத்தபடி போன் பேசுகிற மாணவர்கள், எல்லாரும் அவருக்கு எதிரிகள்தான். ஆனால் இத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் வைத்தால்கூட மறு தட்டில் அவருடைய மைத்துனர் கனமாக நிற்பார்.

மனைவியின் தம்பியான அந்த மைத்துனர் கடைவீதியில் ஒரு மாடியில் டியூஷன் சென்டர் நடத்தினார். கோட்டுப் போட்ட தன் படத்தையே ஆள் உயரத்துக்கு வாசலில் மாட்டியிருந்தார். "தன் மூஞ்சியைத் தானே சுவத்துல ஒட்டிக்கிறவனை எவன் நம்புவான்?" என்று வாத்தியார் மனைவியின் காதில் விழுகிற மாதிரி சொல்லுவார்.

வாத்தியாருக்கு ஒரே மகள். கல்லூரியில் சேர எழுத வேண்டிய பொதுத் தேர்வுக்கு முதல் தடவை அவளைத் தயார் செய்தது அவர்தான். கடைசி மாணவனை இறக்கிவிட்ட கையோடு வீட்டுக்கு வந்து, சமையலறை மேஜையில் கணக்குப் புத்தகத்தை விரித்துவிடுவார். மொழிப் பகுதியை அவர் தொடக்கூட இல்லை. "படிச்சாப் புரியப்போகுது, அதுல சொல்லித்தர என்ன இருக்கு?" என்று விட்டுவிட்டார். முடிவு வந்தபோது கணக்கில் அவள் உச்சத்தில் நின்றாள். மொழியில் மண்ணைக் கவ்வியிருந்தாள்.

இரண்டாம் தடவை அவள் மாமாவிடம் போனாள். மொழி ஏறியது, கணக்கு கொஞ்சம் இறங்கியது, மொத்தத்தில் மார்க் கூடிவிட்டது. மைத்துனர் தன் படத்துக்குப் பக்கத்தில் அவள் படத்தையும் மாட்டினார். அன்றிலிருந்து வாத்தியார் கடைவீதி வழியாகப் பாடம் நடத்துவதையே விட்டுவிட்டார்.

விண்ணப்பம் போடும் காலம் வந்தது. எந்தத் தேர்வின் மார்க்கை அனுப்புவது என்பது எழுதியவர்கள் இஷ்டம். மகள் உயிராய் ஆசைப்பட்ட கல்லூரி தொலைவில் இருந்தது. எத்தனை முறை எழுதியிருந்தாலும் அனுப்பலாம், ஒவ்வொரு பகுதியிலும் எது அதிகமோ அதையே எடுத்துக்கொள்வோம் என்று அது அறிவித்திருந்தது. இதைப் பேசி முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனரே வீடு தேடி வந்துவிட்டார்.

"ரெண்டாவதை மட்டும் அனுப்பும்மா, அது போதும்" என்றார் மைத்துனர்.

"ஏன், முதல் மார்க்குக்கு என்ன கேடு?" என்றார் வாத்தியார். "கணக்கை அதுல எடுத்துப்பான், மொழியை இதுல எடுத்துப்பான். ரெண்டும் சேர்ந்தா எவனும் கிட்ட வர முடியாது."

"அப்படித்தான் எழுதிப் போடுவாங்க அத்தான். பார்க்கிறவனும் மனுஷன்தானே? அந்த மொழி மார்க்கைப் பார்த்தா முகத்தைச் சுளிக்க மாட்டானா?"

"அது இல்ல உன் கவலை. உன்கிட்ட வந்த அப்புறம் இவளுக்குக் கணக்கு இறங்கிப்போச்சுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிடும். அந்த வயித்தெரிச்சல் உனக்கு."

"வீட்டுக்கு வந்தவன்கிட்ட பேசுற பேச்சா இது?" என்று மனைவி சீறினாள்.

"வரச்சொல்லி நான் வெத்தலை பாக்கு வச்சேனா?"

மகள் நிமிர்ந்தாள். "எனக்கு முதல் மார்க் வேண்டாம்."

"ஏன்?"

"அதைப் பார்த்தாலே அந்த மேஜைதான் ஞாபகம் வருது. ஒரு தப்புப் போட்டா பென்சிலைப் பிடுங்குவீங்க. மரமண்டைம்பீங்க. கார் கத்துக்க வர்றவங்களாவது வேணாம்னா நின்னுக்கலாம். நான் எங்க போறது?"

மைத்துனர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்தச் செருமலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்ததாக வாத்தியாருக்குப் பட்டது. மகள் சொன்னதைவிட அதுதான் அவரைச் சுட்டது.

மறுநாள் இரண்டு மாணவர்களுக்கு இடையில் கிடைத்த நேரத்தில் மேம்பாலத்துக்கு அடியில் காரை நிறுத்தினார். தேர்வு இணையதளத்தில் மகளின் கணக்கை அவர் போனிலிருந்துதான் தொடங்கியிருந்தார்கள். கடவுச்சொல் அவருக்குத் தெரியும். முதல் மார்க்கையும் சேர்த்து அந்தக் கல்லூரிக்கு அனுப்பினார். மைத்துனரின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்ட நிம்மதிதான் இருந்தது.

அனுப்பியாகிவிட்டது என்ற செய்தி மகளின் போனுக்கும் போயிற்று. அவள் நேராகப் பயிற்சிப் பள்ளிக்கே வந்தாள். சாலைக் குறியீடுகள் வரைந்த பலகையின் முன்னால் அவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

"உன் நல்லதுக்குத்தான்."

"பொய். மாமாவை ஜெயிக்கணும், அதுக்குத்தான்."

மாணவர்கள் எல்லாரும் திடீரென்று சாலைக் குறியீடுகளில் ஆழ்ந்துபோனார்கள்.

"வீட்டுக்குப் போ, பேசிக்கலாம்" என்றார் வாத்தியார்.

"இனிமே உங்ககூடப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல."

சொன்னதைச் செய்தாள். அனுப்பிய மார்க்கைத் திரும்பப் பெற வழியில்லை. அவள் கடவுச்சொல்லை மாற்றினாள், மேஜையில் அவர் உட்கார்ந்தால் எழுந்துபோனாள்.

சில வாரங்களில் அந்தக் கல்லூரி இடமில்லை என்று ஒரே வரியில் கைவிரித்துவிட்டது. அன்று மாலையே மைத்துனர் துக்கம் விசாரிப்பதுபோல வந்து உட்கார்ந்தார். "நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று காபி குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, குடித்த பின் ஒரு தடவை சொன்னார். வாத்தியார் எழுந்து வெளியே போய்க் கல்லூரிக்குப் போன் போட்டார்.

"காரணம் சொல்ற வழக்கம் இல்ல சார்" என்றாள் அலுவலகப் பெண்.

"முதல் மார்க்காலயா இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா."

"சொல்ற வழக்கம் இல்ல சார்."

"உங்களுக்கெல்லாம் யாரு வேலை கொடுத்தது?" என்று கத்தினார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

அந்த மார்க்தான் கெடுத்தது என்று மைத்துனர் அடித்துச் சொன்னார். மனைவியும் நம்பினாள். மகள் உள்ளூர்க் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தாள். வாத்தியார் மட்டும், "கணக்குத் தெரியாத கூட்டம், அங்க சேராததே நல்லது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒருநாள் மாணவன் ஒருவன் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது, ஒருவேளை அந்த மைத்துனன் பயல் சொன்னதுதான் சரியோ என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த எரிச்சலில் மாணவனை அவன் செய்யாத தப்புக்குத் திட்டித் தீர்த்தார்.

மகள் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தாள். அவளும் அவரும் ஒரே வீட்டில், தாய் வழியாகவே பேசிக்கொண்டு வாழ்ந்தார்கள். "அப்பாகிட்ட சாவியைக் கேளும்மா" என்று அவர் எதிரில் நின்றே சொல்லுவாள்.

விடுமுறையில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. அதற்காக ஊரின் மறுகோடியில் வேறொரு பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். வாத்தியாருக்கு அது தெரியாது, ஒரு காலை சிக்னலில் பக்கத்து வண்டியைத் திரும்பிப் பார்க்கும்வரை. ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பச்சை விழுந்தது. அவள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் ஹார்ன்கள் அலறின.

வாத்தியார் கண்ணாடியை இறக்கினார். "கிளட்சை மெதுவா விடு! அவசரப்படாதே!"

அவள் அவரைப் பார்த்தாள். தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினாள். வண்டியைத் திரும்பக் கிளப்பி, கிளட்சை மெதுவாக விட்டு, நேராகப் போய்விட்டாள்.

"யார் சார் அது, தெரிஞ்சவங்களா?" என்றார் ஸ்டியரிங்கில் இருந்த மாணவர்.

"ரோட்டைப் பாருய்யா" என்றார் வாத்தியார்.