குழாய்க்குள் இருந்த சிவப்புத் துணி

பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கிய மறு ஆண்டு, புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது இது. நான் தேதிகளை நினைவில் வைத்திருப்பவன். உறவில் யாருக்காவது ஒரு கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்று சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் வரும். இந்தச் சனிக்கிழமையை யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அதுதான் மற்றவற்றைவிடத் தெளிவாக நினைவிருக்கிறது.

போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. வாரம் முழுக்கக் கொள்கலன் எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். சனிக்கிழமை காலையில் மலைச் சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஜெஞ்சாரோம் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண் பாதைகளுக்குப் போய்விடுவேன். ஆரம்பத்தில் அலுவலக நண்பர்கள் கூட வந்தார்கள். ஒவ்வொருவராகப் பூப்பந்துக்கு மாறிவிட்டார்கள். நான் தனியாகப் போக ஆரம்பித்தேன்.

அப்படித் தனியாகப் போன ஒரு நாள், மழையில் நனைந்த பலகைப் பாலத்தில் சறுக்கிக் கால்வாயில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டேன். தோட்டத்துக்காரர்கள் லோரியில் ஏற்றிப் பெரிய சாலைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மருத்துவமனையில் என் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படி ஆனா சைக்கிளை வித்துடணும், சரியா?" நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவள் சைக்கிளைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று கேட்பதும் நின்றுபோனது. அந்த மௌனத்தை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, தோட்டத்தின் நடுவில் செயின் அறுந்தது. செயினை ஒட்டும் கருவி வீட்டில், வேறொரு பையில் இருந்தது. போனில் சார்ஜும் இல்லை. வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கார் வரைக்கும் நடந்தேன். காலை உணவுக்கு வரவேண்டியவன் வீடு சேரும்போது மதிய உணவு நேரமும் தாண்டிவிட்டது. அவள் கையில் போனோடு கேட் அருகில் நின்றிருந்தாள். திட்டவில்லை. "சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது 'இன்னொரு தடவை' என்ற கணக்கில் சேருமா சேராதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் இன்னும் ஒரு நாள் இப்படி நேர்ந்தால் சைக்கிள் போய்விடும் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

அதனால்தான் அந்தக் கருவியை வாங்கினேன். ஹேண்டலிலிருந்து சட்டகத்தின் ஊடாக முன்சக்கரத்துக் கவைவரை ஒரு குழாய் இறங்கும். ஸ்டீரர் டியூப் என்பார்கள். அதன் உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் காலியிடம். அந்தக் காலியிடத்தில் நீளமான ஒரு கூட்டைப் பொருத்தி, அதற்குள் மடக்குச் சாவிகளும் செயின் ஒட்டும் கருவியும் கொண்ட மல்டி டூலைச் செருகி வைக்கலாம். கருவியின் தலையைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பையை மாற்றினாலும் ஆளையே மாற்றினாலும் கருவி சைக்கிளை விட்டுப் போகாது.

அன்று காலை மனைவி தன் அக்காவோடு பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் பழைய நாளிதழ்களை விரித்துச் சைக்கிளை நிறுத்தி, வீடியோவில் காட்டியபடி வேலையை ஆரம்பித்தேன். முதலில் ஹேண்டலுக்கு மேலே இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். குழாய்க்குள் நட்சத்திர வடிவில் ஒரு நட்டு இறுகியிருக்கும். இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் அது கீழ்ப்பக்கமாக வெளியே விழும். வீடியோவில் அது தரையில் விழுந்து 'ணங்' என்றது. என் சைக்கிளில் கொஞ்ச தூரம் இறங்கி, 'தொப்' என்று எதிலோ போய் உட்கார்ந்தது.

குளவி கூடு கட்டியிருக்கும் என்று நினைத்தேன். சைக்கிளைக் கவிழ்த்து, கீழ்ப்பக்கத் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். துணி தெரிந்தது. குறடால் பிடித்து இழுத்தபோது சுருட்டித் திணித்த பழைய டி-ஷர்ட் துண்டு ஒன்று வந்தது. அதன் பின்னால் கறுப்புக் கயிறு சுற்றிய சிவப்புத் துணி முடிச்சு ஒன்று வந்தது. ஒரு பக்கம் கிழிந்திருந்தது, நட்டு இடித்ததில் இருக்கலாம். திருநீறு கொட்டியது. உள்ளே சுருட்டிய செப்புத் தகடு ஒன்று மின்னியது.

யார் வைத்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கருவிகளைக் கையாளத் தெரிந்தவர் மேல்மூடியைத் திறந்திருப்பார். இது கீழே இருக்கும் திறந்த வாய் வழியாகத் திணிக்கப்பட்டிருந்தது. சேறு கழுவச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டால்தான் அந்த வாய் கண்ணில் படும். எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சேற்றைக் கழுவுவது ஒரே ஒரு ஆள்தான். துணியும் என்னுடையது. நான் விழுவதற்கு முந்தைய வருஷம் காணாமல் போன டி-ஷர்ட் அது. எத்தனை முறை தேடியிருக்கிறேன்!

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சைக்கிள் வாங்கிய புதிதில், முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடலாம் என்று அவள் சொன்னாள். எங்கள் ஊரில் புதுக் கார், மோட்டார் சைக்கிள், லோரி எல்லாம் அங்கே வரிசையில் நின்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் சாலைக்கு வரும். "சைக்கிளுக்குமா? இது ஏறினா பழம் உருண்டு ஓடிடும்" என்றேன். அவள் அக்காகூடச் சிரித்துவிட்டார். இந்த மாதிரி நம்பிக்கைகள் எப்படித் தோன்றின, எப்படிப் பரவின என்று நான் நிறைய வாசித்தவன். வீட்டிலும் நிறையவே பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவனை இத்தனை காலமாகத் தாயத்தின் மேல் உட்காரவைத்து ஓட்டவிட்டிருக்கிறாள்!

முடிச்சை எறிந்துவிட்டுக் கூட்டைப் பொருத்தியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். புதுக் கூடு மேலிருந்து கீழ்வரை குழாய் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். உள்ளே என்ன இருந்தது, என்ன இல்லை என்று அவளால் பார்க்கவே முடியாது. அவளும் கேட்கமாட்டாள், நானும் சொல்லவேண்டியதில்லை. அந்த யோசனை மிகச் சுலபமாக வந்ததுதான் என்னைத் தயங்க வைத்தது. சொல்லாமல் இருப்பதற்கு இரண்டு பேருமே நன்றாகப் பழகியிருந்தோம். முடிச்சை நாளிதழின் நடுவில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுடைய அக்கா அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கையில் துளசியோடு உள்ளே வந்தவள் நாளிதழைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். மறுபடி பார்த்தாள்.

"எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"எப்ப வச்ச?"

"நீங்கதானே தேதியெல்லாம் சொல்ற ஆளு. நீங்களே சொல்லுங்க."

நான் டி-ஷர்ட்டைத் தூக்கிக் காட்டினேன். "நான் விழுறதுக்கு முன்னாலயே வச்சிருக்க. இது உள்ள இருக்கும்போதுதானே விழுந்தேன்?"

"இருந்ததாலதான் தோள் எலும்போட போச்சு."

பேச்சை மாற்ற, "உள்ள எப்படி அனுப்பின?" என்று கேட்டேன்.

"மத்து இருக்குல்ல, அதோட காம்பால." கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னாள். பிறகு புதுக் கருவியின் பெட்டியைக் கையில் எடுத்தாள். "இது என்னது?"

விளக்கினேன். செயின் அறுந்தால், ஆணி தளர்ந்தால் வழியிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்றேன். "அதைப் பையில வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டாள். "பையை மாத்திடுறேன், மறந்துடுறேன். அதான் சைக்கிளுக்குள்ளேயே வச்சிட்டா..." என்று தொடங்கியவன் வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நானும் அதுக்குத்தாங்க" என்றாள். "கையில கட்டினா குளிக்கும்போது அவுத்துடுவீங்க. பையில வச்சா பை வீட்டுல கிடக்கும். தனியா வேற போறீங்க. நான் வேற எங்கதான் வைக்கிறது?"

பெட்டியை அவளிடமிருந்து வாங்கி மூடினேன். பிறகு நான், "சரி, கருவியைத் திருப்பி அனுப்பிடறேன். இதையே உள்ள வச்சிடலாம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "வேணாம். இப்ப உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே வச்சா நீங்க எனக்காக வச்சதா ஆயிடும். நான் உங்களுக்காக வச்ச மாதிரி இருக்காது." கொட்டிய திருநீற்றை ஒரு விரலால் சேர்த்து எடுத்தாள். "இது உள்ள இருக்குன்னுதான் நான் ஒண்ணும் கேக்காம இருந்தேன். அன்னைக்கு நீங்க மத்தியானம் வரைக்கும் வரல. அப்ப இது மட்டும் போதாதுன்னு தோணுச்சு. யார்கிட்ட கேக்கிறது? எங்க போய்த் தேடுறது? எனக்கு ஒண்ணுமே தெரியல."

பூசை செய்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும் என்றாள். நான் யோசிக்காமல் வாசல் பக்கம் கைகாட்டினேன்.

"அந்த லோங்காங்லயா? நல்லா வாய்ல வருது எனக்கு!"

எங்கள் தெருச் சாக்கடையை விட்டால் ஓடுகிற நல்ல தண்ணீர் என்று எனக்குத் தெரிந்தது அந்தத் தோட்டத்துக் கால்வாய்தான். சொன்னேன். "அப்ப அங்க கூட்டிட்டுப் போங்க. அந்தக் காட்டை நானும் பார்க்கணும்" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை காரில் போனோம். தோட்டத்து வாசலைத் தாண்டிச் செம்மண் பாதையில் திரும்பியதும் அவள் கண்ணாடியை இறக்கினாள். இரண்டு பக்கமும் ஒழுங்கான வரிசையில் செம்பனை. பாதையோரம் அறுத்துப் போட்ட குலைகள். ஒரு சின்ன அம்மன் கோயில். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"காடு எங்க?"

"இதுதான்."

"இதுவா? வாரா வாரம் காட்டுக்குள்ள போறேன், காட்டுக்குள்ள போறேன்னு சொல்வீங்களே! நான் புலி, பாம்பு, பெரிய பள்ளம் எல்லாம் நினைச்சு வச்சிருக்கேன். இங்க மாடு மேயுது லா!" சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இத்தனை வருஷமா ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டியிருக்கலாம்ல?"

பலகைப் பாலத்தருகே காரை நிறுத்தினேன். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்துக் காவலர், நாற்பது வயதிருக்கும். வாரா வாரம் கையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

"என்ன அங்கிள், இன்னைக்குக் காரு? சைக்கிள் செத்துப் போச்சா?"

"சைக்கிள் நல்லா இருக்குப்பா" என்றாள் மனைவி. "இவர் எங்க விழுந்தாருன்னு பார்க்க வந்தேன்."

"இங்கதான் ஆன்டி. தவளை மாதிரி தண்ணிக்குள்ள குந்திக்கிட்டு இருந்தாரு. நாங்க லோரில தூக்கி வைக்கிறோம், இவரு கை வலிக்குதுன்னு சொல்லல. சைக்கிள் எங்க, சைக்கிள் எங்கன்னுதான் கேட்டாரு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்க ஆரம்பித்தாள். பெயர் என்ன, வீடு எது, பிள்ளைகள் எத்தனை, எந்தெந்த நாள் காவல், இந்தப் பாதை எங்கே போய் முடிகிறது. அந்தத் தோட்டத்துக் கோயில் எந்த ஆண்டு கட்டப்பட்டது, எப்போது கூரை மாற்றப்பட்டது என்றெல்லாம் எனக்குத் தெரியும். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நீலக் கதவு வீடு அவருடையது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஆன்டி, என் நம்பரை வச்சுக்குங்க" என்றார் அவர். "அங்கிள் வர லேட்டானா ஒரு கால் பண்ணுங்க போதும். மோட்டார்ல ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுச் சொல்றேன். எனக்கு இங்கதானே வேலை."

அவள் எண்ணைப் போனில் பதிவு செய்தாள். சரியாக இருக்கிறதா என்று அங்கேயே ஒருமுறை அழைத்தும் பார்த்தாள். பிறகு பாலத்தின் ஓரத்தில் குனிந்து, கண்ணை மூடி ஏதோ சொல்லி, முடிச்சைத் தண்ணீரில் விட்டாள். அது கொஞ்ச தூரம் போய் ஒரு காய்ந்த மட்டையில் சிக்கிக்கொண்டது. என்ன முடிச்சு என்று காவலர் கேட்கவில்லை. ஒரு குச்சியை எடுத்து மெல்லத் தள்ளிவிட்டார்.

அன்று சாயங்காலம் கூட்டைப் பொருத்தினேன். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். மேல்மூடியைத் திருகும்போது, "இன்னும் இறுக்குங்க" என்றாள். அதிகம் இறுக்கினால் ஹேண்டல் திரும்பாது, ஆடாமலும் இருக்கவேண்டும், லேசாகத் திரும்பவும் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவளே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம், போதும்" என்றாள்.

நான் இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். எந்தப் பாதை என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஒருமுறை கோயில் குருக்களோடு பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. பின்னால் மோட்டார்ச் சத்தம் கேட்டது. "ஆன்டி கூப்பிட்டாங்க, அங்கிள். கிளம்புங்க" என்றார் காவலர். கருவியோ, பொருத்திய நாளிலிருந்து ஒருமுறைகூட வெளியே வரவில்லை. செயின் அறுந்ததில்லை, ஆணி தளர்ந்ததில்லை. "உள்ள சும்மாவே இருக்கே, அப்ப உங்க தாயத்து மட்டும் வேலை செய்யுதோ?" என்று மனைவி கேட்பாள்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது: பயப்படுகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதை நான் விட்டுவிட்டேன், கூட்டிக்கொண்டு போய் அவர்கள் பயப்படும் இடத்தைக் காட்டிவிடுகிறேன், அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று.