உப்புக் கேட்ட பெண்ணும் என் நாயும்

எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லய வீடுகளில் பிரசவம் பார்த்தவர் என் அம்மா. ஜப்பான்காரன் வந்த புதிதில், அவரிடமிருந்த ஒரே கைக்கடிகாரத்தைச் சிப்பாய் ஒருவன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அந்தத் துக்கத்தில்தான் அம்மா வலியெடுத்த பெண்களுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார் என்று நான் நினைத்திருந்தேன்.

இருந்ததே ஒரு கதைதான். உப்புக் கிடைக்காத காலம் அது. ஒரு பெண் தேங்காய்ச் சிரட்டையும் கையுமாக ஏழு வீடு ஏறி உப்புக் கேட்கிறாள். வீட்டுக்கு வீடு அதே கேள்வி, அதே பதில், அதே நடை. வலி வந்ததும் அம்மா கதையை அப்படியே விட்டுவிடுவார். வலி ஓய்ந்ததும் மறுபடி முதல் வீடு! ஏழாவது வீட்டுக்காரி உப்புக் கொடுத்தாளா என்று தெரியாமலேயே எங்கள் தோட்டத்தில் பாதிப் பிள்ளைகள் பிறந்தன. இப்படியும் ஒருவர் கதை சொல்வாரா என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது சித்திக்கு வலி கண்டது. முதல் பிள்ளையை லயத்திலேயே பறிகொடுத்தவர் அவர். இந்தத் தடவை சுங்கைப் பட்டாணி டவுன் ஆஸ்பத்திரிதான் என்று சித்தப்பா மாட்டுவண்டியைப் பூட்டி வாசலில் நிறுத்தியிருந்தார். வழியில் சிப்பாய்கள் நிறுத்திச் சோதிப்பார்கள். போய்ச் சேர நேரமிருக்கிறதா என்று அம்மாதான் சொல்லவேண்டும். அம்மாவுக்கோ அன்று குளிர்க்காய்ச்சல். கோணிச்சாக்கைப் போர்த்திச் சுவரில் சாய்ந்திருந்தார். பல் கிட்டிப் பேச்சே வரவில்லை.

"நீ சொல்லுடி. நான் சொல்ற மாதிரியே சொல்லணும்," என்றார்.

நான் விடுவேனா? முதல் வீட்டிலேயே ஒரு நாயை அவிழ்த்துவிட்டேன். அது அந்தப் பெண்ணை ரப்பர் காடு முழுக்கத் துரத்தியது. சித்திகூடச் சிரித்துவிட்டார். அடுத்த வலி வந்தது.

அம்மா கண் திறந்தார். "எத்தனாவது வீடு?"

"ரெண்டாவது."

"வண்டிய அவுத்துடுங்க, தம்பி. நேரமில்ல," என்றார் அம்மா. சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது.

"அந்த நாயி ஓடுன ஓட்டம் இருக்கே..." என்று முனகினார் சித்தி.

"எந்த நாயி?"

அடுத்த நொடி என் கன்னத்தில் விழுந்தது அறை. அழுதுகொண்டே, நாயில்லாமல் முதலிலிருந்து சொன்னேன். வலி ஆறாவது வீட்டில் வந்தது. அடுத்த முறையும் ஆறாவது வீடுதான்.

"பூட்டுங்க, தம்பி. போயிரலாம்," என்றார் அம்மா.

வண்டியில் அம்மாவோடு நானும் ஏறினேன். பாலத்தடியில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நிறுத்தியபோதும் நான் கதையை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது வலி மூன்றாவது வீட்டிலேயே வந்தது. உள்ளே போனதும் சித்தியின் மகன் வீலென்று கத்திக்கொண்டு பிறந்தான்.

மறுநாள் குழாயடியில் அம்மா எல்லோரிடமும் சொன்னார்: "எம்மக வழி நெடுக ஒரு வார்த்த மாத்தாம சொன்னா. அதுலதான் புள்ள பொழச்சுது." எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு குறை. அவ்வளவு நல்ல நாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே!

வளர்ந்து, அதே ஆஸ்பத்திரியில் தாதியாகச் சேர்ந்தேன். முதல் நாள் மூத்த தாதி என் சட்டையில் ஒரு கடிகாரத்தைக் குத்திவிட்டு, ஒரு வலிக்கும் மறு வலிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாய் தானாக முதல் வீட்டில் உப்புக் கேட்க ஆரம்பித்தது. அம்மா அறைந்த அறை அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.