சனிக்கிழமை பத்து மணி வண்டிச் சத்தம்

நான் செத்துப்போனால் எத்தனை நாள் கழித்து வெளியே தெரியும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் நடக்கிற மாதமானால் அடுத்த நாளே தெரிந்துவிடும். நான் சமைக்கிற சத்துணவு அடுப்பு எரியாவிட்டால் ஹெட்மாஸ்டர் ஆளனுப்புவார். மே மாத லீவில் என்றால் ஒரு வாரமாவது ஆகும். சபையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் சொன்னதும் எழுந்து வந்துவிடுகிறவள் நான். ஒரு ஞாயிறு வராவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

என் பெயர் ஜெயபாய். குலசேகரத்திலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. பிள்ளைகள் இல்லை. என் கணவர் செல்லத்துரை 2006இல் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். அவர் விட்டுப்போனது வீடு, கொஞ்சம் மரங்கள், ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

அது உயரமான, ஒற்றை சிலிண்டர் வண்டி. தார் ரோட்டிலும் ஓடும், கல்லும் வேருமான மலைப்பாதையிலும் ஏறும். ஏதோ ஒரு எஸ்டேட் மேனேஜர் ஓட்டித் தள்ளியதை இவர் வாங்கினார். மலையோரக் குடியிருப்புகளுக்கு ஜெபக்கூட்டம் நடத்த அதில்தான் போவார். சனிக்கிழமை காலையில் அதைக் கழற்றிப் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுப்பேன். பார்த்துப் பார்த்தே எனக்கும் வேலை பிடிபட்டது. ஓட்ட மட்டும் தெரியாது.

அவர் போன பிறகு எல்லாரும் வண்டியை விற்கச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. சும்மா கிடந்தால் எஞ்சின் இறுகிவிடும் என்று அவர் சொல்வார். அதனால் சனிக்கிழமைதோறும் பிளக்கைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சரியாகப் பத்து மணிக்குக் கிக்கரை மிதிப்பேன். அந்தச் சத்தம் கேட்கிற பத்து நிமிஷம் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அணைத்ததும் அழுவேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கையன் அண்ணன் வீடு. ஒரு காலத்தில் எங்கள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். பிறகு என் கணவர் குறுக்குவழி என்று அண்ணனுடைய ரப்பர் விளைக்குள், மரங்களுக்கு நடுவே வண்டியை விட்டு, ரப்பர் பால் வடிகிற சிரட்டைகளைத் தட்டிவிட்டார் என்று சண்டை வந்தது. “இந்த சனியன் பிடிச்ச வண்டி ஒருநாள் ஒன்னைக் கொண்டுட்டுதான் போவும்” என்று அவர் கத்தினார். மதில் எழும்பியது. பேச்சு நின்றது. என் கணவரின் அடக்கத்துக்கு அந்த அண்ணன் வந்து தூரத்தில் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் அந்த மதிலைப் பார்த்து வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை இரண்டு முறுக்கு கூடுதலாக முறுக்குவேன். கேட்டு எரியட்டும் என்று.

இப்படிப்பட்டவள்தான் தினமும் முழங்கால் போட்டு ஜெபித்தேன். “ஆண்டவரே, நான் இருக்கிறேனா இல்லையா என்று கவனிக்க ஒரே ஒரு ஆளைத் தாரும்.” மூன்று வருஷம் கேட்டேன். ஒரு பதிலும் இல்லை.

2009 மே மாதம். வண்டி இழுத்து இழுத்து ஓடியது. பாயிண்டில் கரி பிடித்திருந்தது. பாயிண்ட் என்பது எஞ்சின் மூடிக்குள் இருக்கிற இரண்டு சின்ன முனைகள். அவை பிரிகிற நேரத்தில்தான் பிளக்கில் நெருப்புப் பொறி வரும். இடைவெளி கூடிவிட்டால் பொறி முந்திக்கொள்ளும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். அந்த இடைவெளியை அளக்க அவர் வைத்திருந்தது எங்கள் கல்யாணக் கார்டு. 1990இல் அடித்த, மெலிசான மஞ்சள் கார்டு. அதைச் செருகினால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், அதுதான் அளவு. கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் கார்டைக் கறையான் தின்றிருந்தது.  பிறகு, கார்டு தானே, எல்லாம் ஒன்றுதான் என்று அந்த மாதம் வந்த ஒரு கல்யாணக் கார்டைக் கிழித்தேன். இப்போது அடிக்கிற கார்டு பலகை மாதிரி இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே பெருமழை. ஷெட்டின் தகரத்தில் கல் கொட்டுகிற சத்தம். ஜெபம் பண்ணிவிட்டு மிதித்தேன். கிக்கர் திருப்பி அடித்தது. கால் எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. நான் விழ, வண்டியும் என் மேல் சாய்ந்தது. டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் என் சேலையில் சொட்டியது. செல்போன் வீட்டுக்குள் இருந்தது. கத்தினேன். அந்த மழையில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

“யாரையாவது அனுப்பும் ஆண்டவரே” என்று கெஞ்சினேன். போதகர் ஐயாவை அனுப்பும் என்றேன். நாத்தனாரை அனுப்பும் என்றேன். வாழைக்குலை கேட்டு வருகிற வியாபாரியைக்கூடச் சொன்னேன். நாற்பது அடி தூரத்தில் இருந்தவரின் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. வேதனை தலைக்கேறிய பிறகுதான், “சரி, யாரானாலும் சரி. அவரானாலும் சரி” என்றேன். சொன்ன உடனே அற்புதம் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் வெகுநேரம் கிடந்தேன். மழை விட்டது.

அப்போது மதிலில் யாரோ ஏறுகிற சத்தம்.

“ஏ பிள்ளே! ஜெயபாயீ! இண்ணைக்கு வண்டி சத்தம் கேக்கல்லியே?”

தங்கையன் அண்ணன்தான். அறுபது வயதுக்கு மேல், முட்டுவலிக்காரர், உடுத்திருந்த சாரம் மதிலில் கிழிய இறங்கி வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

“மழையில கேக்காம போச்சோண்ணு நெனச்சேன். மழை விட்ட பொறவும் கேக்கல்ல. மனசு கெடந்து அடிச்சுது.”

“அண்ணன் அதைக் கேப்பியளா?”

“மூணு வருசமா சனியாழ்ச்ச அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் சாயா குடிப்பேன். பிள்ளை உசிரோட இருக்குண்ணு தெரியும்லா.”

நான் கேட்டழுத அந்த ஒரே ஆளைக் கர்த்தர் எனக்கு முதல் சனிக்கிழமையே தந்திருந்தார். நான்தான் அந்த ஆளை எரிச்சல்படுத்தவென்று முறுக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பில் நான் அழுதது காலுக்காக இல்லை.

மாவுக்கட்டு இரண்டு மாதம் இருந்தது. அண்ணனின் மனைவி ராஜம் அக்கா கஞ்சியும் பயறும் கொண்டு வந்தார். கட்டு அவிழ்த்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, நொண்டிக்கொண்டே ஷெட்டுக்குப் போனேன். எந்தக் கார்டால் அளப்பது என்று தெரியாமல் நின்றேன். விஷயத்தைக் கேட்ட அண்ணன் வீட்டுக்குப் போனார். தன்னுடைய வேதப்புத்தகத்தோடு வந்து, உள்ளேயிருந்து எதையோ உருவினார்.

மெலிசான மஞ்சள் கார்டு. அதில் என் பெயரும் என் கணவர் பெயரும்.

“பக்க அடையாளத்துக்கு வச்சிருந்தேன்” என்றார். “சண்டை போட்ட அண்ணைக்கு எடுத்து எறியணும்ணு நெனச்சேன். ஏனோ எறியல்ல.”

செருகினேன். லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தது. பயந்துகொண்டே மிதித்தேன். மூன்றாவது மிதியில் வண்டி பிடித்தது.

இதை எழுதுகிற இந்த நாள்வரை நான் தனியாகத்தான் இருக்கிறேன். அவர் இல்லாத வீடு அவர் இல்லாத வீடுதான். அதை ஜெபம் மாற்றவில்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசிப் பெஞ்சை விட்டுவிட்டேன். என்னைப்போல் ஆசீர்வாதம் முடிந்ததும் நழுவுகிறவர்களை வாசலில் மறித்து, “சொகமா இருக்கியளா?” என்று கேட்கிறேன். யாருமில்லை என்று இருக்கிறவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் ஒரு ஆளைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, இன்னார் வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இப்போதும் இரண்டு முறுக்கு கூடுதலாகத்தான் முறுக்குகிறேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சாயா கிளாசும் கையுமாக அண்ணன் சத்தம் கொடுப்பார்:

“கேட்டாச்சு பிள்ளே!”