துடைக்கக் கூடாத புள்ளிகள்

ஒரு கட்டடத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். மற்ற பெண்கள் ஓரகத்தியின் வளையலையோ பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினையோ பார்த்துப் பொறாமைப்படுவார்கள். எனக்கு வாய்த்தது பிரேசர் டவுனில் இருக்கும் ஒரு நாலு மாடி ஆபீஸ்.

என் வீட்டுக்காரருக்குப் பூச்சி மருந்துக் கம்பெனியில் வேலை. ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கரப்பான், எலி, எறும்பு எல்லாவற்றையும் ஒழிப்பார். எத்தனையோ கட்டடங்கள் அவர் கையில் இருந்தாலும் இந்த ஒன்றுதான் செல்லம். ஒரே கம்பெனியின் ஆபீஸ் இல்லை அது. மேசையை வாடகைக்கு எடுத்து ஆளாளுக்கு ஒரு வேலை பார்க்கும் இடம். பக்கத்து மேசைக்காரன் யாரென்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் ஒரே மைக்ரோவேவில்தான் சோற்றைச் சூடு பண்ணுவார்கள். குழம்பு சிந்தினால் சிந்தியது நானில்லை என்று போய்விடுவார்கள். கரப்பானுக்கு அது சொர்க்கம். என் வீட்டுக்காரருக்கும்தான்.

வீட்டில் அவர் பேசும் பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். "சோறு போடு", "சாவி எங்க", "வரேன்". ஆனால் அந்த ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் பெண் போன் பண்ணினால், சோறு பிசைந்த கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு இடது கையால் எடுப்பார். "சொல்லும்மா" என்பார். அப்புறம் பேச்சு, பேச்சு, பேச்சு. கரப்பான் எந்தப் பக்கம் ஓடியது, சின்னதா பெரியதா, காபி மெஷினைச் சுவரோடு ஒட்டி வைத்தார்களா, தள்ளி வைத்தார்களா. என்னைப் பார்த்து 'சொல்லும்மா' என்று எப்போது கேட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

இதெல்லாம் எத்தனையோ நாளாக இருந்த எரிச்சல்தான். அது முற்றிப்போனது எங்கள் ஒரே மகள் மாசமாக இருந்தபோது. வளைகாப்பைப் பற்றிப் பேச சம்பந்தியம்மா பொம்மசந்திராவிலிருந்து ஜீவனஹள்ளிக்கு எங்கள் வீடு தேடி வந்தாள். வாயும் வயிறுமாக இருக்கிறவளை அலைக்கழிக்க வேண்டாமென்று என் மகளை விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் காபி போட்டு டவரா டம்ளரில் கொண்டுவந்து வைத்தேன். எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு பொடிக் கரப்பான் டவராவின் விளிம்பில் ஏறி, மீசையை ஆட்டிக்கொண்டு, கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல ஒரு சுற்று சுற்றியது. சம்பந்தியம்மா முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால்கூடத் தேவலை. காபியை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, "பிரசவத்த எங்க வீட்டுலயே வெச்சுக்கலாமே சம்பந்தி. மாடியில ரூம் சும்மாதான் கெடக்கு" என்றாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைக் கூட்டிவந்து, வாய்க்குப் பிடித்ததைச் செய்து போட்டு, பிறந்த பிள்ளையை முதலில் கையில் வாங்குவது பெற்றவளைப் பெற்றவள்தான். அதை ஒரு கரப்பானுக்காக விட்டுக்கொடுப்பேனா? பிரசவம் இங்கேதான் என்று சொன்னேன். "அடுத்த மொற மருமகளையும் கூட்டிட்டு வரேன், பேசி முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "ஊர்ல இருக்கிற கரப்பானையெல்லாம் ஒழிக்கிறீங்க. நம்ம வீட்டுல இருக்கிறது மட்டும் உங்க சொந்தக்காரங்களா?"

"பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பிரேசர் டவுன் ஆபீஸுக்குத்தான் போயிருக்கிறார் என்று தெரியும். டப்பா ஒரு சாக்கு. என் சக்களத்தியை ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். வாசலில் செக்யூரிட்டி, "யாரு பேக்கம்மா?" என்று கன்னடத்தில் கேட்டான். யார் வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? பூச்சி மருந்துக்காரர் பெண்டாட்டி என்றேன். அவன் எழுந்து நின்று லிஃப்ட் பொத்தானை அமுக்கிக் கொடுத்தான். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

பேன்ட்ரி என்று ஒரு சமையலறை. என் வீடு முழுவதையும் அதற்குள் வைத்து மூடிவிடலாம். விடுமுறையானதால் வேறு ஆள் நடமாட்டம் இல்லை. என் வீட்டுக்காரர் தரையில் முழங்காலிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அலமாரிக் கதவின் கீலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி கும்பிடக்கூட அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் அந்த மேனேஜர் பெண், ஈரோட்டுப் பக்கம், என் மகள் வயதுதான் இருக்கும். "இது என்னங்ணா? இங்க எதுக்குங்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் டார்ச்சை எடுத்துவிட்டு எடுத்துவிட்டுப் பதில் சொன்னார். சலிப்பே இல்லை.

என்னைப் பார்த்ததும் அவள், "வாங்க ஆன்ட்டி! அண்ணா வந்துட்டுப் போனாத்தான் எங்களுக்கு நிம்மதி" என்றாள். அவர் அண்ணன், நான் ஆன்ட்டி. சிரித்து வைத்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு கீல் ஓரத்திலும், சிங்குக்கு அடியிலும், மைக்ரோவேவுக்குப் பின்னாலும் கடுகளவில் பழுப்பாக ஒரு புள்ளி. ஜெல் மருந்தாம். கரப்பான் அதைத் தின்றுவிட்டுப் பொந்துக்குள் போய்ச் சாகும், செத்ததைத் தின்ற மற்றவையும் சாகும் என்று அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றிலும் ஸ்டிக்கர். தமிழில், 'இந்தப் புள்ளிகளைத் துடைக்க வேண்டாம்'. பாத்திரம் கழுவ வரும் பெண்களெல்லாம் தமிழ்க்காரர்கள் என்பதால் அண்ணாவே எழுதிக் கொடுத்தாராம். அவர் எழுத்தேதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கென்று ஒரு துண்டுச் சீட்டு எழுதாத மனிதர்.

ஆனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது ஸ்டிக்கரைப் பார்த்து இல்லை. அந்தப் புள்ளிகள் எனக்குத் தெரிந்த புள்ளிகள். என் வீட்டு அலமாரியிலும் அப்படியே, கீல் ஓரத்தில், இருந்திருக்கின்றன. கரப்பான் எச்சம் என்று நினைத்து, சோப்புத் தண்ணீர் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை.

அவரோடு படி இறங்கும்போது கேட்டேன். "நம்ம வீட்டுலயும் வெச்சீங்களா?"

"வெச்சனே. தீவாளிக்கு முன்னாடி ஒருக்கா, பொங்கல் முடிஞ்சு ஒருக்கா. ஏன் வேல செய்யலன்னுதான் எனக்கும் புரியல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

அவர் நிஜமாகவே முழித்தார். "வீட்டுல போய் என்னத்த சொல்றது?"

பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு மூன்று பாஷையில் அறிவிப்பு, பெண்டாட்டிக்கு வாய் வார்த்தைகூடக் கிடையாது. நான் டப்பாவை அவர் கையில் திணித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம். தினமும் வீட்டைத் துடைக்கிறவள் துடைப்பாள் என்று தெரியாதா இவருக்கு?

மறுநாள் என் எதிரிலேயே உட்கார்ந்து அலமாரியில் மருந்து வைத்தார். எங்கே வைத்தாரோ அங்கேயெல்லாம் என் கையைப் பிடித்துக் காட்டவில்லை, ஆனால் நான் நின்று பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கம் ஈரத்துணியைக் கொண்டுபோகாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கொஞ்ச நாளில் கரப்பான்கள் மல்லாந்து கிடக்க ஆரம்பித்தன. கூட்டிக் கூட்டி அள்ளினேன். அப்புறம் அள்ளவும் ஒன்றும் இல்லை.

சம்பந்தியம்மா என் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் வேண்டுமென்றே அலமாரியைத் திறந்து போட்டுவிட்டுத்தான் காபி கலந்தேன். அவள் ஒரு மடக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சம்பந்தி ஆசப்படறாங்க. பிரசவம் இங்கயே இருக்கட்டும்" என்று மகளிடம் சொன்னாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மகள் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லத்தே, நான் உங்க கூடவே இருக்கேன்" என்றாள்.

நான் அலமாரியைக் காட்டினேன். "கரப்பான்லாம் போயிடுச்சுடி. பாரு, ஒண்ணுகூட இல்ல."

"கரப்பான் இருந்தா என்னம்மா? நான் அதோடதான வளந்தேன்." அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "பிரசவம் அங்கன்னு நான்தான் அத்தைய அன்னிக்குக் கேக்கச் சொன்னேன். அங்க எல்லாரும் எதையாவது பேசிக்கிட்டே இருப்பாங்க. இங்க நீயும் அப்பாவும் ஒரு வார்த்த பேசிக்க மாட்டீங்க. அந்தச் சத்தமில்லாத வீட்டுல, வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாதும்மா."

அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அப்போதாவது யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். அவர் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்திருப்பார்.

கடைசியில் பேசியது சம்பந்தியம்மாதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வந்து எங்க வீட்டுல இருங்க சம்பந்தி. உங்க பொண்ணுதான" என்றாள். என் மகளின் பிரசவத்துக்கு எனக்கு அழைப்பு. அவள் அதை மனசாரத்தான் சொன்னாள், குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அவளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.