பூசணியில் பெயர் எழுதுகிறவர்

முதலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். ஆணி இருக்கிறது. பிறகு முழங்காலை மண்ணில் ஊன்றி, இலைகளை இரண்டு கையாலும் விலக்கி, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பச்சைக் காயைத் தேடிப் பிடிக்கிறார். கொடியை அசைக்காமல் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, ஆணி நுனியால் தோலை மட்டும் கீறுகிறார். ‘லி’ என்று ஓர் எழுத்து. பக்கத்தில் ‘யோ’. கீறிய இடத்தில் நீர்த் துளிகள் அரும்புகின்றன. சதை வரை கீறினால் காய் அழுகிவிடும், தோலோடு நின்றால் பிழைத்துக்கொள்ளும். “இனி வெயிலும் மழையும் பாத்துக்கொள்ளும்” என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்கிறார் சிறீதரன்.

இது ஜூலை மாதத்தில். அக்டோபர் கடைசியில் அதே காயைத் தூக்க இரண்டு கை போதாது. லியோவின் பெயரும் அதோடு சேர்ந்து வளர்ந்திருக்கும். கீறல் ஆறி, தழும்பு தடித்து, செம்மஞ்சள் தோலின்மேல் எழுத்துகள் மேடிட்டு நிற்கும். முதல் வருடம் நான் அதை யாரோ ஒட்டிவைத்த சணல் கயிறு என்று நினைத்து நகத்தால் உரித்துப் பார்த்தேன். வரவில்லை. காய் தன் தோலிலேயே அந்தப் பெயரை வைத்திருந்தது. நான் படித்தவள், காரணம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, இன்றைக்கும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் அந்த எழுத்துகளைத் தடவும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி, குடியிருப்போருக்கென்று சிறு தோட்டங்கள் உண்டு. தரைத்தளத்தில் சிறீதரனும் மனைவி சிவகலாவும், மூன்றாம் மாடியில் நான். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நீச்சல் குளம் ஒன்றில் துப்புரவு வேலை. அதனால் அவர் படியேறி வந்தால் குளோரின் வாசனை முன்னால் வரும், மஞ்சள்தூள் வாசனை பின்னால் வரும். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் நான் அவரை ‘சார்’ என்று கூப்பிட்டேன். திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அதற்குப் பிறகு ‘அண்ணா’ ஆனார். நான் பறங்கிக்காய் என்பேன், அவர் பூசணிக்காய் என்பார். இந்தச் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.

ஹாலோவீனுக்கு ஊரெல்லாம் பூசணியைக் குடைந்து கண்ணும் பல்லும் வைப்பது அவருக்கு ஆகாது. “நல்ல சதையை வழிச்சுக் குப்பையில கொட்டிப்போட்டு, கோதுக்க விளக்கு வைக்கிறதோ? பேய்கூட அந்த வேலை பாக்காது” என்பார். அதற்காக விழாவை விட்டுக்கொடுக்கிற ஆளுமில்லை. பிள்ளைகளைவிட அவருக்குத்தான் அவசரம். புடலங்காயை நேராக வளர்க்க எல்லோரும் நுனியில் கல் கட்டுவார்கள். இவர் கண்ணாடிக் குடிலில் கல் கட்டாமல் விடுவார். அவை சுருண்டு வளைந்து வளர, மாடிப்படிக் கைப்பிடி நெடுக அவற்றைப் பாம்பாகத் தொங்கவிடுவார். முற்றிப் பழுத்து வெடித்த பாகற்காய்கள் சிவந்த விதையோடு வாய் பிளந்துகொண்டு வாசல் விளக்கைச் சுற்றி நிற்கும். ஒரு முறை தபால்காரர் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்து, அதே வேகத்தில் வெளியே போய்விட்டார்.

பேயும் உண்டு. அவருடைய வேட்டிதான் பேய். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கும் அந்தப் பேய்க்கு இரண்டு பக்கமும் ஜரிகைக் கரை. “இஞ்சருங்கோ, அது கலியாண வேட்டியெல்லே?” என்று சிவகலா வருடா வருடம் கேட்பார். “ஓம், அதுதான் பாத்தவுடன பயம் வருது” என்று வருடா வருடம் இவரும் பதில் சொல்வார்.

இத்தனைக்கும் நடுவில், பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெயர் வளர்ந்த பூசணி ஒன்று உட்கார்ந்திருக்கும், எல்லாம் தமிழ் எழுத்தில். சுவிஸ் பிள்ளை, அல்பேனியப் பிள்ளை, போர்த்துக்கீசப் பிள்ளை என்று அந்தக் கட்டடத்தில் வளர்ந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தமிழில் ஒரே ஒரு சொல் வாசிக்கத் தெரியும். அது அவரவர் பெயர்.

ஆணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு நாடா சுற்றிய சாதாரண இரும்பு ஆணி. நாலு பேர் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதுபோல, எந்த வேலை தொடங்கும் முன்னும் அவர் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பும். சமைக்கும்போதும் அப்படித்தான், பேருந்துக்கு நிற்கும்போதும் அப்படித்தான். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ஒரு தடவை சிவகலா அதை எடுத்துப் பூந்தொட்டியில் ஓட்டை போட்டுவிட்டார். அடுத்த சில நாட்கள் வீட்டில் பேச்சு வார்த்தை உப்பு, புளியோடு நின்றது.

அவரிடம் ஒரு கறார் இருந்ததை நான் பிந்தித்தான் கவனித்தேன். கட்டடத்துக்குப் பிள்ளைகளோடு யார் குடிவந்தாலும், கைகொடுத்து, ஊர் கேட்டு, மூன்றாவது கேள்வியாக “விசா என்ன மாதிரி?” என்பார். போலீஸ்காரர்கூட அவ்வளவு சீக்கிரம் அதற்கு வரமாட்டார். நிரந்தரமாக இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஜூலையில் காய் உண்டு. மற்றவர்களுக்கு மிட்டாய் உண்டு, கறி உண்டு, காய் கிடையாது. இவ்வளவு அன்பான மனிதருக்கு இது என்ன புத்தி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. துணி துவைக்கும் அறையில் சிவகலாவிடம் கேட்டேவிட்டேன்.

“ஆரன் எண்டு ஒரு பெடியன், மேல் வீட்டில இருந்தவன்” என்றார் சிவகலா, ஈரத் துணியை உதறியபடி. “இவர் யூலையில பேர் எழுதிப்போட்டார். செப்டெம்பரில அவைக்கு விசா மறுத்துப்போட்டாங்கள். போயிட்டினம். எங்க எண்டு இண்டைக்கும் தெரியாது. அந்தக் காயை இவர் வெட்டவும் விடேல்ல, ஒருத்தருக்கும் குடுக்கவும் விடேல்ல. நிலவறையில கிடந்து குளிர் முடியேக்க இளகிப் போச்சுது. தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தில குழி வெட்டித் தாட்டவர். இருப்பினமோ எண்டு தெரியாத பிள்ளைக்கு இனி எழுதமாட்டன் எண்டு அண்டைக்குச் சொன்னவர்தான்.”

2015 வசந்தத்தில் புனிதவதியும் ஏழு வயது மகள் ஹரிஷாவும் இரண்டாம் மாடிக்கு வந்தார்கள். அகதி விண்ணப்பம் கொடுத்து விசாரணையும் முடிந்து, முடிவுக்குக் காத்திருப்பவர்கள். தபால் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டாலே புனிதவதியின் முகம் மாறும். ஹரிஷா அப்படியில்லை. வந்த வாரமே கட்டடத்துப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டாள். ஜூலையில் எல்லோருக்கும் பெயர் எழுதும் நாளில் அவளும் வரிசையில் நின்றாள். தக்காளி பறிக்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

“மாமா, எனக்கு எது?”

“இந்தமுறை காய் குறைவு, குஞ்சு. வாற வருசம் பாப்பம்.”

காலடியில் காய்கள் கிடந்தன. அவள் காய்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், “ஓம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். ‘பாப்பம்’ என்பதுதான் சிறீதரனின் நித்தியப் பதில். மழை வருமா என்றாலும் பாப்பம், சம்பளம் கூடுமா என்றாலும் பாப்பம். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த காயைத் துடைக்கக் குனிந்தார்.

ஆகஸ்டில் ஒரு மாலை, வேலியோரக் கொடியின் இலையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். அடியில் ஒரு காய். அதில் ஜெர்மன் எழுத்தில், பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் படித்த பெரிய எழுத்துகளில், கோணல்மாணலாக ஹரிஷா என்றிருந்தது. ஓர் எழுத்து திரும்பி நின்றது. தலைக் கிளிப்பால் கீறியிருக்கிறாள், அதுவும் ஆழமாக. அழுகிப்போயிருக்க வேண்டிய காய். எப்படியோ ஆறி, மற்ற எல்லாவற்றையும்விடத் தடித்த தழும்போடு வளர்ந்திருந்தது. எட்டிப் பார்த்த சிவகலா சிரித்துவிட்டார். “முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கிறதெண்டு கேள்விப்பட்டிருக்கிறன். இவ இலைக்க மறைச்சிருக்கிறா.”

சிறீதரன் சிரிக்கவில்லை. கவிழ்த்துக் கிடந்த வாளியில் உட்கார்ந்துகொண்டார். கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

“நான் எழுதேல்ல” என்றார், யாரோ அவரைக் குற்றம் சொன்னதுபோல. சற்றுப் பொறுத்து, “எழுதியாச்சு. இனி என்ன செய்யிறது?” என்று எழுந்து, நீச்சல் குளத்தில் கழித்துப்போட்ட நுரைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, ஈரம் ஏறாமல் அந்தக் காயின் அடியில் சொருகினார்.

அந்த மாத முடிவில் ஆலங்கட்டி மழை வந்தது. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். கார்க் கூரைகளில் கல் விழும் சத்தத்துக்கு நடுவே ஒரு சைக்கிள் வந்து சரிந்தது. சிறீதரன் வேலை உடுப்போடு தோட்டத்துக்குள் ஓடினார். அங்கே சிவகலா கீரை அலசுகிற இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் குளியல் தொட்டி ஒன்று இருந்தது. தோட்டத்தில் கிடந்த பெயர்கள் ஏழெட்டு, தொட்டி ஒன்றுதான். அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. வேலியோரம் போய் அதைக் கவிழ்த்தார். காற்று அதைத் தூக்கப் பார்த்தது. தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு தொட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். சிரிக்க வேண்டிய காட்சிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குழந்தை கிளிப்பால் கீறிய பெயருக்காக ஒரு மனிதர் கல்மழையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோவில் வாசலில் நிற்பதுபோல நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மழை விட்டபின் தைலம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவர் முன்கை முழுக்கக் கன்றிப் போயிருந்தது.

“மத்தக் காயெல்லாம் அடி வாங்கிடுச்சே, அண்ணா.”

“அதுக்கென்ன பிள்ளை, தழும்போட வளரும். அந்தப் பிள்ளையளுக்கு வாற வருசமும் இருக்கு” என்றார்.

ஹாலோவீன் அன்று சனிக்கிழமை. புடலம்பாம்புகள் ஏறின, ஜரிகைக் கரைப் பேய் இறங்கியது. ஹரிஷாவின் காயை அவரே தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனார். புனிதவதி கதவைப் பாதி திறந்து நின்றாள். “அண்ணை, வாசல்ல பேர் வைக்கவேண்டாம். முடிவு இன்னும் வரேல்ல. எனக்குப் பயமாக்கிடக்கு.”

“எனக்கும் பயம்தான், தங்கச்சி” என்றார் சிறீதரன். “அது தானா வளந்திட்டுது. நான் வைக்கிறன்.”

வைத்தார். மாலையில் சாயம் பூசிய முகங்களோடு பிள்ளைகள் மிட்டாய் கேட்டு மாடி மாடியாய் ஓடினார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வாசலில் ஒரு கணம் நின்று பெயரைத் தொட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். ஹரிஷா தொட்டபோது, கதவுக்குப் பின்னால் நின்ற புனிதவதியும் குனிந்து, ஒரு விரலால் அந்தத் திரும்பிய எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் முற்றத்தில் சமையல். அவரிடம் தப்பாத விதி இது. விழா முடிந்தால் காய் பானைக்கு வர வேண்டும். பெரிய பானையில் பூசணி, பயற்றங்காய், சோளம், கீரை எல்லாம் தோட்டத்தில் பறித்தது. அதில் புளியும் செத்தல்மிளகாயும் விட்டு, கடைசியில் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா கரைத்து ஊற்றிக் கூழாக்குவார். “பூசணி போட்டா அது கூழே இல்லை” என்று சிவகலா தலையாட்டுவார். முதல் மாடி சுவிஸ் அம்மாள் ஃப்ராவ் ஹாப்லுட்ஸெல் அதை சூப் என்று சொல்லி, இரண்டாம் முறையும் கிண்ணத்தை நீட்டுவார். விதைகள் தனிச் சட்டியில் உப்பும் தூளும் போட்டு வெடித்துக்கொண்டிருக்கும்.

காயை அதன் சொந்தக்காரப் பிள்ளைதான் வெட்டலாம். அவர் கத்தியைப் பிடிப்பார், பிள்ளை அவர் கைமேல் கை வைக்கும். அன்றைக்கும் ஒவ்வொன்றாக வெட்டி முடிந்து, ஹரிஷாவின் முறை வந்தது. அவள் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

“வெட்டினா என்ர பேர் போயிடும்.”

“வெட்டாட்டி அழுகிப் போயிடும், குஞ்சு. நான் கண்டனான்.”

அவள் காயைப் பார்த்தபடியே கேட்டாள். “அப்ப வாற வருசமும் எனக்கு இருக்குமோ, மாமா?”

புனிதவதி அகப்பையால் கிண்டுவதை நிறுத்திவிட்டாள். சிவகலா என்னைப் பார்த்தார். ‘பாப்பம்’ என்ற சொல் அவர் வாயில் வந்து நின்றதை நாங்கள் எல்லோருமே கண்டோம்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்தார். வேட்டித் தலைப்பில் அதன் நுனியைத் துடைத்து, ஹரிஷாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

“உன்னட்ட இருக்கட்டும். யூலையில கொண்டு வா.”

அவர் மறுபடி கத்தியை எடுக்க, அவள் மற்றக் கையை அவர் கைமேல் வைத்தாள். காய் இரண்டாய்ப் பிளந்தது. துண்டுகளைப் பானைக்குள் போட்டுவிட்டுக் கிண்டப் போனவரின் கை, வழக்கம்போல, முதலில் சட்டைப் பைக்குப் போனது. வெறும் பையின்மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அகப்பையை எடுத்துக்கொண்டது.